காற்றைக் குறை சொல்லக் கூடாது

தம்பி,

நேற்று மாலை நீ பேசியபோது உன் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓசூர் தொழிற்சாலையில் ஒரு பிரிவுக்கே உன்னைத் தலைமையாகப் போட்டிருக்கிறார்கள், அடுத்த மாதத்திலிருந்து நாற்பது பேர் உன் கீழே வேலை செய்யப் போகிறார்கள் என்று சொன்னாய். பிறகு உன் வழக்கப்படி கிண்டலையும் சேர்த்துக்கொண்டாய். “நாப்பத்திரண்டு பேரை வாங்கி ஒம்பது பேர்ல கொண்டாந்து நிறுத்துன தலைவரம்மா, எனக்கும் ஏதாவது புத்தி சொல்லேன்” என்றாய். நானும் சிரித்துவிட்டு, “அப்புறம் பேசலாம்டா” என்று போனை வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த ‘அப்புறம்’ என்ற சொல்லை இனிமேல் வாயில் எடுப்பதில்லை என்று அதே நாள் காலையில்தான் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஒரு பகல்கூடத் தாங்கவில்லை.

ஆகவே இன்று காலைச் சமையலை முடித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ கிண்டலாகக் கேட்டதற்கு நிஜமாகவே பதில் சொல்லப் போகிறேன். கூடவே, பதினாறு ஆண்டுகளாக உன்னிடம் சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நேற்றுக் காலை நடந்தது நம் விமானச் சங்கம் இருக்குமா, கலையுமா என்று முடிவு செய்யும் கூட்டம். முடிவு இன்னும் முழுதாக வரவில்லை. மீதி உன் கையில் இருக்கிறது. எப்படி என்று சொல்வதற்கு முன்னால் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இதன் ஒரு படியைச் சங்கத்துப் பலகையில் ஒட்ட வேண்டும் என்கிறார்கள். நீ படித்துச் சரி என்றால் மட்டுமே ஒட்டுவோம். அப்படி ஒட்டினால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் நடுநடுவே எழுதுவேன். பொறுத்துக்கொள். பாடம் நடத்தியே பழகிய கை இது.

உன் அப்பா பகலெல்லாம் மின்கம்பிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் பால்சா மரத்தைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கையில் எடுத்தால் எடையே தெரியாத மரம் அது. விலா எலும்புகள்போல வெட்டி ஒட்டி, மேலே மெல்லிய காகிதம் போர்த்தி, மூக்கில் சின்ன என்ஜின் ஒன்றை வைத்தால், தரையில் நின்றபடி ரேடியோவால் ஓட்டுகிற விமானம் தயார். ஒன்று முடிய மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதமும் நாம் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அவரைப் பார்த்து நாலு பேர், அவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் என்று சேர்ந்து, சங்கமாகப் பதிவு செய்தார்கள். வெட்டாற்றுக்கு அந்தப் பக்கம், நாலு புறமும் வயல் சூழ்ந்த ஒரு மேட்டுத் திடலை அதன் சொந்தக்காரர் நமக்கு விட்டுக்கொடுத்தார். தனி ஆட்களுக்குத் தர மாட்டேன், சங்கத்துக்குத் தருகிறேன், நடவு ஆட்கள் வயலில் இருக்கும்போது மட்டும் பறக்கவிடாதீர்கள் என்றார். ஆக, சங்கம் இருக்கும்வரைதான் திடல்.

அப்பா எழுதிய விதிகளில் இரண்டை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சொந்தக் கையால் செய்த விமானம்தான் திடலில் ஏறலாம் என்பது ஒன்று. உறுப்பினர்கள் பதினைந்து பேருக்குக் குறைந்தால், அந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தோடு சங்கத்தைக் கலைத்துவிட வேண்டும் என்பது இன்னொன்று. “பதினஞ்சு பேருகூடச் சேராத எடத்துல போர்டு மட்டும் எதுக்கு?” என்பார். நாற்பத்திரண்டு பேர் இருந்த காலத்தில் எழுதிய விதி அது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

விதியாக எழுதாத வழக்கம் ஒன்றும் உண்டு. அதன் பெயர் ‘விழுந்த கதை’. யாருடைய விமானம் விழுந்தாலும், சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்த பிறகு எல்லாரும் வேப்பமரத்தடியில் உட்கார வேண்டும். விழுந்தவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். தான் என்ன பார்த்தேன், தன் கை என்ன செய்தது என்று மட்டும்தான் சொல்லலாம். காற்றைக் குறை சொல்லக் கூடாது. “காத்து எல்லாருக்கும்தான் அடிச்சுது, உன் கதையச் சொல்லுப்பா” என்பார் அப்பா. விழுந்தவர் “நான் முடிச்சிட்டேன்” என்று சொல்லும்வரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பேசலாம். ஒரு தை மாதம், பருவம் தப்பிய மழையில் ஊறி அறுவடைக்கு நின்ற வயலில் அப்பாவின் விமானமே மூக்கு குத்தி விழுந்தது. முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்று அவர் சொன்ன கதை உனக்கு நினைவிருக்கும். “நான் பிளேனப் பாக்கல. நீங்க கைதட்டுறீங்களான்னு பாத்தேன். நான் முடிச்சிட்டேன்” என்றார். அவ்வளவுதான் மொத்தக் கதையும்.

நான் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தொன்பது வயதில். என் முதல் விழுந்த கதையை நீ கேட்டதில்லை, நீ அப்போது விடுதியில் இருந்தாய். விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது சிரமமில்லை, நம் இடதுதான் அதற்கும் இடது. திரும்பி நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாக மாறிவிடும். பழகாதவர்களுக்கு அங்கேதான் மூளை கலங்கும். கணக்கு டீச்சரான எனக்குத் தாளில் போட்டுக் காட்டினால் எல்லாம் புரிந்தது. ஆனால் அது நிஜமாக என்னை நோக்கி வந்தபோது, எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். நேராக வரப்பில் போய் மோதியது. மரத்தடியில் நின்று, “என் கை ஒண்ணுமே செய்யல” என்று சொன்னேன். அப்பா பிறகு பேசினார். தப்பான பக்கம் திருப்பியிருந்தாலும் ஒரு நொடியில் தப்பென்று தெரிந்திருக்கும், மாற்றிக்கொண்டிருக்கலாம், கை நின்றுபோனால்தான் வழியே இல்லை என்றார். அன்று அதை விமானம் ஓட்டுவதற்கான பாடமாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அப்பா போன மறுமாதம் எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். “டீச்சர் அந்த நாற்காலியில உக்காந்தாப் போதும், மத்தத நாங்க பாத்துக்கிறோம்” என்றார்கள். அன்பினால் கேட்டார்கள். அந்த அன்புக்கு இன்றும் நன்றி சொல்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லாவிட்டால் அந்த முதல் வருடத்தை நான் எப்படிக் கழித்திருப்பேன் என்று தெரியவில்லை. நானும் உட்கார்ந்தேன். பதினோரு ஆண்டுகளில் நான் செய்தது அது ஒன்றுதான்.

சிலர் கடையில் வாங்கிய தெர்மோகோல் விமானங்களோடு வந்தார்கள். எண்ணெய் வேண்டாம், பேட்டரி போதும், விழுந்தால் பசை தடவி அன்றே பறக்கவிடலாம். நம் செயலாளர் கோவிந்தராசு, அதுதான் உரக்கடைக்காரர், அதைத் தொட்டுப் பார்க்கவும் மறுத்தார். “திருவிழாவுல விக்கிற பலூனுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? நாளைக்கு ஒருத்தன் பட்டத்தத் தூக்கிட்டு வருவான்” என்றார். வந்தவர்கள் முகம் சுருங்கியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்” என்றேன். அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னேன். பிறகு டிரோன்கள் வந்தன. அதற்கும் அதே பதில். எனக்கு இரண்டு பக்கமும் பயம். விதியை மாற்றினால் அப்பாவின் கையெழுத்தை அழிப்பதுபோல இருந்தது. மாற்ற மாட்டோம் என்று சொன்னால் வந்தவர்கள் மனம் கோணுமே என்று இருந்தது. யாருக்கும் யாரோடும் சண்டை வராமல் பார்த்துக்கொள்வதுதான் தலைமை என்று நானாக நினைத்துக்கொண்டேன். சண்டை வரவில்லை. ஆட்களும் வரவில்லை.

யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை, தம்பி. அதுதான் எனக்கு விளங்காமல் போனதற்குக் காரணம். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு மகள் படிப்பு, ஒருவருக்குத் திருச்சிக்கு மாற்றல். எல்லாமே நல்ல காரணங்கள். நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம், “இப்ப யாருக்குங்க நேரம் இருக்கு, எல்லாரும் செல்போனுக்குள்ள போயிட்டாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காற்றைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளியில் என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், எப்போதும் கையைத் தூக்குவாள். பாடம் ஓடிக்கொண்டிருக்கும் அவசரத்தில், “முடியட்டும்மா, கடைசில கேளு” என்பேன். மணியடித்துவிடும். அரையாண்டுக்குப் பிறகு அவள் கை தூக்கவில்லை. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அமைதியைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற பிழை என்னைவிட்டுப் போகவில்லை.

இந்த ஆண்டுப் பட்டியலில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். கோவிந்தராசுதான் விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “டீச்சர், பங்குனிக் கூட்டத்துக்குள்ள இன்னும் ஆறு பேர் வேணும். இல்லாட்டி சார் எழுதுனபடி கலைச்சுத்தான் ஆகணும். நான் கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார். அப்போது எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இப்போது நன்றிதான் இருக்கிறது.

பழைய உறுப்பினர் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முதலில் கூத்தாநல்லூருக்கு, மைதீன் பாயைப் பார்க்க. வெளிநாட்டில் என்ஜின் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அப்பாவின் என்ஜின்கள் அத்தனையும் அவர் கைபட்டவைதான். ஆறு ஆண்டுகளாக அவர் திடல் பக்கம் வரவில்லை. சாயா வந்தது, சமோசா வந்தது, உன் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பு வந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் தம்ளரைக் கீழே வைத்தார்.

“நான் ஏன் நின்னேன்னு கேக்கவே இல்லியே டீச்சர், இத்தனை வருஷமா.”

“முழங்கால் வலின்னு சொன்னீங்களே பாய்.”

“முழங்கால் இப்பவும் வலிக்குது. அதோடதான் தெனம் அஞ்சு வேளை தொழுறேன்” என்று சிரித்தார். “என் மருமவன் ஆசையா ஒரு தெர்மோகோல் பிளேன் வாங்குனான். திடலுக்குக் கூட்டியாரலாமான்னு ஒங்கள்ட்ட கேட்டேன். அடுத்த கூட்டம்னீங்க. நாலு கூட்டம் வந்தேன். அஞ்சாவதுக்கு அவன் முகத்தப் பாக்க எனக்கு வெக்கமாப் போச்சு.”

நான் அப்பாவின் விதியை எடுத்துச் சொன்னேன். அவர் இருந்திருந்தால் மாற்றியிருப்பாரோ என்னவோ என்றும் சொன்னேன். பாய் தலையை ஆட்டினார். “மாத்திருக்க மாட்டாரு. நமக்குத் தெரியாதா அவரு பிடிவாதம்? ஆனா முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருப்பாரு. நான் சண்டை போட்டிருப்பேன். ரெண்டு வாரம் பேசாம இருந்திருப்போம். மூணாவது வாரம் அவரே வந்து, எங்கய்யா அந்த பலூன், குடு பாப்போம்னு கேட்டாலும் கேட்டிருப்பாரு. நீங்க சண்டைக்கே எடம் குடுக்கல டீச்சர். சண்டை போட ஆளில்லாத எடத்துல எதுக்கு நிக்கிறது?”

நாற்பது வருடம் பாடம் நடத்தியவளுக்கு அரை மணி நேரத்தில் பாடம் நடத்திவிட்டு, “கூட்டத்துக்கு வரேன், போங்க” என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அடுத்துப் போனது செல்வியைத் தேடி. உனக்கு அவளைத் தெரியாது. திடலுக்குத் தெற்கே உள்ள ஊர்க்காரி. தாத்தா பாட்டி காலம்வரை பிறர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பம், இப்போது கொஞ்சம் சொந்த நிலம் இருக்கிறது. டிரோன் ஓட்டப் பயிற்சி எடுத்து, சுற்று வட்டாரத்து வயல்களுக்கு மருந்து தெளிக்கிறாள். மூன்று ஆண்டுக்கு முன் கையில் விண்ணப்பத்தோடு திடலுக்கு வந்தவள். விமானம் ஓட்டவும் கற்றுக்கொள்ள வேண்டும், தன் டிரோனையும் இங்கே பழகிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தாள். நான் போனபோது ஓர் உளுந்து வயலில் டி.ஏ.பி. உரக் கரைசல் தெளித்துக்கொண்டிருந்தாள். பூவெடுத்த செடிகளுக்கு மேல் அந்த இயந்திரம், கோடு போட்டதுபோலப் போய்த் திரும்பி வந்தது. எதிரே வரும்போதும் அவள் கை தயங்கவில்லை. இறக்கிவிட்டு, முகத்துணியை அவிழ்த்துக்கொண்டே வந்தாள்.

“வாங்க டீச்சர். திடலு இந்தப் பக்கம் இல்லியே, வழி தவறிட்டீங்களா?”

சொல்ல வந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “வரேன். என்கூட வேலை பாக்குற ரெண்டு பேரையும் கூட்டியாரேன். ஆனா நான் குடுத்த விண்ணப்பம் ஒங்ககிட்ட இருக்கு. மொதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க. புதுசா ஒண்ணு எழுதித் தர மாட்டேன்” என்றாள். “எங்கப்பா கடைமடை விவசாயி டீச்சர், வாய்க்கால் தண்ணி கடைசியாத்தான் வரும். இந்த வருசம் தண்ணி இல்லன்னு சொல்லிட்டா வேற எதையாவது வெதச்சிருவாரு, வருத்தப்பட மாட்டாரு. வரும் வரும்னு சொன்ன வருசம்தான் நாத்தங்கால் காஞ்சுபோயி உக்காந்து அழுதாரு. நீங்க இல்லன்னு சொல்லிருந்தா நான் வேற எடம் பாத்திருப்பேன். மூணு மாசம் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை அந்த வரப்புல வந்து நின்னேன்.”

நான் அவளை வரப்பில் பார்த்ததுண்டு. பார்த்துக் கையசைத்ததுகூட உண்டு.

வீட்டுக்கு வந்து சங்கத்தின் கோப்புகளை இறக்கினேன். செல்வியின் விண்ணப்பம் மேலேயே இருந்தது. அன்று அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னென்ன பதில் சொல்லாமல் கிடக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று பழைய கோப்பையும் பிரித்தேன். அடியில் உன் கையெழுத்தில் ஒரு தாள் இருந்தது.

நீ எழுதியது உனக்கு ஞாபகம் இருக்கும். இறுதியாண்டில் முதன்முதலாகக் கிடைத்த பயிற்சித் தொகையில் ஒரு தெர்மோகோல் விமானம் வாங்கி வந்திருந்தாய். தலைவர் அவர்களுக்கு என்று அப்பாவுக்கே முறைப்படி விண்ணப்பம் எழுதி, செயலாளராக இருந்த என்னிடம் கொடுத்தாய். உறுப்பினராகச் சேர வேண்டும், இந்த விமானத்தைத் திடலில் பறக்கவிட அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தாய். கடைசி வரியில், ஒரு முறையாவது தலைவர் இதை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தன் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். அந்த வாரம்தான் வேலை விஷயமாக உனக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம். அவர் பார்த்து வைத்த வேலை வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாய். இருவரும் சாப்பாட்டு நேரத்தில்கூடப் பேசிக்கொள்ளவில்லை. இப்போது இதையும் நீட்டினால் இன்னொரு சண்டை வரும், வீடு கொஞ்சம் அமைதியாகட்டும் என்று நினைத்தேன். “அடுத்த கூட்டத்துல வைக்கிறேண்டா” என்று உன்னிடம் சொன்னேன். வைக்கவில்லை. நீ இரண்டு முறை கேட்டாய். பிறகு கேட்கவில்லை. அந்த விமானத்தை யாருக்கோ கொடுத்துவிட்டாய். திடலுக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டாய்.

தம்பி, அப்பா அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை.

நீ அவர் மறுத்துவிட்டார் என்றுதான் இத்தனை ஆண்டும் நினைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் மனைவியிடம் ஒருமுறை, “எங்கப்பாவுக்கு நான் எழுதுன பேப்பருக்குப் பதில் சொல்லக்கூட மனசில்ல” என்று நீ சொன்னதைச் சமையலறையில் இருந்து கேட்டேன். அன்றாவது வெளியே வந்து சொல்லியிருக்க வேண்டும். அப்பாவின் கடைசி ஐந்து ஆண்டுகளும் நீ அவரோடு நன்றாகத்தான் இருந்தாய், மருத்துவமனைக்கு அலைந்தாய், கிரிக்கெட் பேசினாய், மழை பேசினாய். விமானத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் அது புரியாமல், “இவனுக்கு ஏன் திடல் கசந்துபோச்சு?” என்று என்னிடம் கேட்டிருக்கிறார். படிப்பு, வேலை என்று ஏதோ சொன்னேன். அவர் அந்தத் தாளைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. முடியாது என்றுதான் சொல்லியிருப்பார் என்கிறார் பாய். இருக்கலாம். அந்த ‘முடியாது’ என்ற சொல்லைக்கூட அவர் வாயால் நீ கேட்க நான் விடவில்லை. அவரோடு நீ போட்டிருக்க வேண்டிய சண்டையையும், அதற்குப் பிறகு வந்திருக்கக்கூடிய மூன்றாவது வாரத்தையும் நான் எடுத்து ஒரு கோப்புக்குள் வைத்துவிட்டேன். உங்கள் இருவர் மேலும் இருந்த பாசத்தில்தான் செய்தேன். ஆனால் பாசம் என்று சொல்வதும் காற்றைக் குறை சொல்வதுதான். என் கை ஒன்றுமே செய்யவில்லை.

நேற்றுக் கூட்டத்தில் வேப்பமரத்தடியில் எழுந்து நின்று, சங்கம் விழுந்த கதையைச் சொன்னேன். பாய் வந்திருந்தார், செல்வியும் அவள் ஆட்கள் இருவரும் வந்திருந்தார்கள், பழைய உறுப்பினர் ஒருவரும் திருச்சியில் இருந்து திரும்பி வந்திருந்தார். தெர்மோகோல், டிரோன், செல்வியின் விண்ணப்பம், உன் விண்ணப்பம் எல்லாவற்றையும் சொன்னேன். செல்போனையும் காலத்தையும் சொல்லவில்லை. இனி ‘அப்புறம்’ என்று சொல்வதில்லை என்றேன். நான் முடிச்சிட்டேன் என்று உட்கார்ந்தேன். முதலில் பேசியது கோவிந்தராசு.

“நானும் ஒண்ணு சொல்லிடுறேன். தெர்மோகோல் வேண்டாம்னு சொன்னேன், இன்னிக்கும் வேண்டாம்னுதான் கை தூக்குவேன். ஆனா டீச்சர் அன்னிக்கே ஓட்டுக்கு விட்டிருந்தா நான் தோத்திருப்பேன். தோத்திருந்தா இந்நேரம் ரெண்டு வாங்கியிருப்பேன். என்னை ஜெயிக்கவும் விடல, தோக்கவும் விடல.”

பட்டியலில் இருந்த ஒன்பது பேருக்குள் ஓட்டுக்கு விட்டோம். ஆறு பேர் மாற்றலாம் என்றார்கள், இருவர் வேண்டாம் என்றார்கள், நான் தலைமையில் இருந்ததால் ஓட்டுப் போடவில்லை. சொந்தக் கையால் செய்தது என்ற விதி போனது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. செல்வியின் விண்ணப்பத்தில் ஏற்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை வாங்கித் தேதியைப் பார்த்தாள். “மூணு வருசம் ஒரு மாசம்” என்று மட்டும் சொன்னாள்.

பிறகு, வந்திருந்த ஐந்து பேரையும் சேர்த்து எண்ணினோம். பதினான்கு. இன்னொரு முறை எண்ணினாலும் பதினான்குதான்.

பாய்தான் தொண்டையைச் செருமினார். “டீச்சர் ரெண்டு விண்ணப்பம் கெடக்குன்னுதானே சொன்னாங்க? ஒண்ணுக்குத்தான் பதில் சொல்லிருக்கோம்.” எல்லாரும் கோவிந்தராசுவைப் பார்த்தார்கள். அவர் உன் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உரமூட்டையில் எழுத்தைப் பார்ப்பதுபோல இரண்டு பக்கமும் பார்த்தார். “விண்ணப்பம் முறையா இருக்கு. தள்ளுபடி ஆகல. ஏத்துக்கலாம். ஆனா பதினாறு வருசமாச்சு, இப்பவும் வேணுமான்னு தம்பி தன் கையால எழுதணும். போன்ல சொன்னா செல்லாது.” செல்வி உடனே, “ஒரு மாசம். அதுக்குள்ள வேணும், வேணாம், ரெண்டுல ஒண்ணு. வரலன்னா கலைச்சிடுவோம். நீட்டிக்கக் கூடாது” என்றாள். அப்படியே தீர்மானமானது. கூட்டம் கலையும் முன் பாய் என்னிடம் மெல்லக் கேட்டார்: “இதையெல்லாம் தம்பிகிட்ட மொதல்ல சொன்னீங்களா?” இல்லை என்றேன். “அப்ப இன்னும் முழுசா முடிக்கல நீங்க” என்றார்.

நான் தலைமையில் இருந்து விலகிவிட்டேன். புதுத் தலைவர் யார் தெரியுமா? கோவிந்தராசு. பெயரைச் சொன்னவள் செல்வி. அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. “அன்னிக்கு என்னைப் பாத்து, டிரோனுக்கு இங்க எடமில்ல போம்மான்னு சொன்ன ஒரே ஆளு இவருதான். இவருகூடச் சண்டை போடலாம்” என்றாள். அவள் செயலாளர். முதல் சண்டை கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போதே ஆரம்பித்துவிட்டது, டிரோன் திடலின் எந்த மூலையில் ஏறி இறங்குவது என்று. கேட்டுக்கொண்டே என் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அப்பா இருந்த காலத்துச் சத்தம் அது. பதினோரு ஆண்டுகளாக அந்தத் திடலில் நான் கேட்காத சத்தம்.

உனக்குப் புத்தி சொல்லக் கேட்டாய். உன்னிடம் வரப்போகிற நாற்பது பேரில் யாராவது ஒன்றைக் கேட்டால், முடியும் என்றால் முடியும் என்று சொல், முடியாது என்றால் அவர்கள் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல், தெரியாது என்றால் எந்தத் தேதிக்குள் சொல்வாய் என்பதைச் சொல்லி அன்றைக்குச் சொல். சண்டை வந்தால் வரட்டும், சண்டை போடுகிறவர்கள் இன்னும் உன்னோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாரும் புன்னகையோடு ஒப்புக்கொண்டு ஒவ்வொருவராக நல்ல காரணம் சொல்லிவிட்டுப் போனால், அன்று கவலைப்படு. உன் வீட்டிலும் இதைச் செய். உன் பிள்ளைகள் எதையாவது எழுதி நீட்டினால், அடுப்பில் பால் பொங்கினாலும் அணைத்துவிட்டு வாங்கிப் படி.

எனக்கு நிறையப் பேருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. கொளுத்துகிற வெயிலிலும் ஞாயிறு தவறாமல் வந்த அந்த எட்டுப் பேருக்கு. உண்மையைச் சாயாவோடு சேர்த்துக் கொடுத்த பாய்க்கு. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட மறுத்த கோவிந்தராசுவுக்கு. பழைய தாளுக்குப் பதில் வாங்காமல் விடாத செல்விக்கு. அவள் அன்று புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்திருந்தால் நான் அந்தக் கோப்பைத் திறந்தே இருக்க மாட்டேன். எல்லாரையும்விட உனக்கு. பதில் வராத ஒரு தாளை மனதில் வைத்துக்கொண்டே எங்கள் இருவரையும் குறையில்லாமல் பார்த்துக்கொண்டாய். என்னை ஒரு சொல் குத்திப் பேசியதில்லை. நேற்றைய கிண்டலைத் தவிர, அதுவும் எனக்குத் தேவைப்பட்டது.

இதோடு உன் விண்ணப்பத்தையும் வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கம், பதினாறு ஆண்டுக்கு முன் எழுதியிருக்க வேண்டியதை இன்றைய தேதியிட்டு எழுதியிருக்கிறேன்: பெறப்பட்டது, தாமதத்துக்குச் செயலாளரே பொறுப்பு. கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறேன். சங்கத்துக்காகவோ எனக்காகவோ வேண்டும் என்று எழுதாதே. உனக்கு அந்தத் திடல் இன்னும் கசந்தால், என் மேல் கோபம் இருந்தால், வேண்டாம் என்று எழுது. பதினான்கு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு, திடலை உடையவரிடம் நன்றியோடு ஒப்படைத்துவிட்டு வருவோம். அதை என்னால் தாங்க முடியும். எந்தப் பதிலானாலும் அது உன் கையெழுத்தில் வரட்டும்.

காற்று எல்லாருக்கும்தான் அடித்தது. இது என் கதை. நான் முடிச்சிட்டேன் தம்பி. இனி நீ பேசலாம்.

அம்மா